மண் அணைக்கு உயிர்நிலை கலிங்கு

மண் அணைக்குப் பெரும்பகை, கரைமேல் வழிந்தோடும் நீரே. அது வெளிச்சரிவின் மண்ணைச் சிறிது சிறிதாக அரிக்கும், அரிப்பு ஓடையாகும், ஓடை உடைப்பாகும். இதைத் தடுக்கவே மிகைநீரை வெளியேற்றக் கலிங்கும், நீர்மட்டத்தைக் குறைக்க அடிமதகும் அமைக்கிறோம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலிருந்த சவுத் ஃபோர்க் மண் அணை, 1880களில் செல்வந்தர்களின் மீன்பிடி மன்றம் ஒன்றுக்குச் சொந்தமாயிருந்தது. அடிமதகின் இரும்புக் குழாய்கள் முன்பே அகற்றப்பட்டிருந்தன. மன்றம் அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. வண்டிப்பாதைக்காகக் கரையின் உயரத்தைக் குறைத்தது. மீன்கள் தப்பாதிருக்கக் கலிங்கில் கம்பிவலையும் இட்டது. 1889 மே 31 அன்று, பெருமழையில் அவ்வலையைக் குப்பைகூளம் அடைத்தது. நீர் கரைமேல் வழிந்தது, அணை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுன் நகரிலும் வழியிலும் 2,200 பேருக்கு மேல் மாண்டனர்.

அணை ஒருவருக்குச் சொந்தமாயிருக்கலாம்; அதன் வெள்ளம் ஊருக்கெல்லாம் பொது. கலிங்கை அடைப்பின்றிக் காப்பது உடைமையாளரின் முதற்கடமை.