கோழிக் குடலில் குடியிருக்கும் பூஞ்சை

பூஞ்சை என்றதும் பாரூர், போச்சம்பள்ளி வட்டாரத்தில் கோழி வளர்ப்பவருக்கு மூட்டையில் பச்சை பூத்த மக்காச்சோளம்தான் நினைவுக்கு வரும். ஆனால் நோயில்லாத கோழியின் குடலிலும் பூஞ்சை எந்நேரமும் இருக்கிறது. 2020-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கறிக்கோழியின் குடலில் நூற்றுக்கும் மேற்பட்ட பூஞ்சைப் பேரினங்களைக் கண்டது. குடலின் முன்பகுதியில் வகைகள் அதிகம், போகப்போகக் குறைவு. தீனியோடு வந்து போகிறவையே பல என்று இதிலிருந்து ஊகிக்கலாம். அப்படியானால் பூஞ்சையை அடியோடு ஒழிப்பது நடக்காத காரியம். அது எல்லை மீறுவதும் அடங்கியிருப்பதும் தீவனத்தையும் மருந்தையும் நாம் கையாளும் விதத்தைப் பொறுத்தது.

கேண்டிடா என்ற ஈஸ்ட்டைப் பாருங்கள். குடலின் பாக்டீரியாக்கள் இடத்தைப் பிடித்திருக்கும்வரை அது ஒதுங்கியே இருக்கும். நாள்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்து அவற்றை அழித்தால் பெருகிவிடும். அப்படி இறந்த கோழியின் தீனிப்பையை அறுத்துக் கழுவினால், உட்புறம் தடித்து வெண்மையாகத் துவாலைத் துணிபோல் சொரசொரப்பாக இருக்கும். இதற்கு மயில்துத்தம் கலந்த தண்ணீர் போதுமே என்பார்கள். அளவு மிஞ்சினால் அதுவே அரைவைப்பையைப் புண்ணாக்கும். கேண்டிடா பெருகிய காரணமும் அப்படியே இருக்கும்.

பெரிய ஆபத்து குடலில் பிறப்பதில்லை, கிடங்கில் பிறக்கிறது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை சுரந்த நஞ்சே காரணம் என்று பிறகு தெரிந்தது. அதுதான் அஃப்ளாடாக்சின். சாகடிக்காத சிறு அளவிலும் அது ஈரலைக் கெடுக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். போட்ட தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காது. மில்லில் நீராவியில் வேகவைத்துத்தானே குருணை ஆக்குகிறார்கள் என்று கேட்கலாம். அந்தச் சூட்டில் பூஞ்சை சாகும், நஞ்சு சாகாது. டாக்சின் பைண்டர் சேர்க்கிறோமே என்றால், களிமண் வகை பைண்டர் அஃப்ளாடாக்சினை நன்றாகப் பிடிக்கும். வாயைப் புண்ணாக்கும் டி-2 போன்ற நஞ்சுகளை அவ்வளவாகப் பிடிக்காது. வீட்டுக் கோழி கண்டதையும் தின்று நன்றாகத்தானே இருக்கிறது என்ற வாதத்திலும் உண்மை உண்டு. அது பலதும் மேய்கிறது. பண்ணைக் கோழிக்கோ, கெட்டிருந்தாலும் அந்த ஒரே தீவனம்தான் நாள் முழுக்க.

ஐப்பசி மழையில் வாங்கும் மக்காச்சோளத்தில் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து, தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குவதே முதல் மருத்துவம். சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம். நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. அதனால் பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று எடுத்து, கலந்து அனுப்ப வேண்டும்.