ஹொக்கி ஆட்டத்திற்கேற்ற சில்லுச் சப்பாத்து

பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் வாழ்ந்த கருவி வல்லுநர் யோசேப் மேர்லின் என்பவர், தாமே செய்த சில்லுச் சப்பாத்துகளை அணிந்து, வயலின் வாசித்தபடி விருந்து மண்டபமொன்றில் வலம் வந்தாராம். விரைந்து செல்ல முடிந்ததேயன்றித் திரும்பவோ நிற்கவோ முடியவில்லை. பெரியதொரு நிலைக்கண்ணாடியில் மோதிக் காயமுற்றார் என்பர். சில்லுச் சப்பாத்துத் தெரிவு செய்வோர் மறக்கலாகாத பாடம் இது.

ஒரே வரிசையிற் சில்லுகள் அமைந்த சப்பாத்து இக்காலத்திற் பரவியதற்கும் ஹொக்கியே காரணம். 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் ஓல்சன் சகோதரர் இருவர், பனித்தரை ஹொக்கி வீரர் பனியில்லாப் பருவத்திலும் பயிலுதற்பொருட்டு இதனைத் திருத்தியமைத்தனர். பின்னர் இதுவே தனியோர் ஆட்டமாயிற்று. கோல் காப்பாளர் நீங்கலாக அணிக்கு நால்வர் களத்தில் ஆடுவர்.

தெரிவில் முதன்மையானது பாதத்திற்குப் பொருந்துதல். "வளரும் பிள்ளைதானே" என்று பெற்றோர் பெரிய அளவை வாங்குவதுண்டு. அது சிக்கனமன்று. தளர்ந்த சப்பாத்தினுள் குதிகால் எழும், கணுக்கால் மடங்கும், பிள்ளை விழும். ஹொக்கிச் சப்பாத்துகள் பெரும்பாலும் வழக்கமான சப்பாத்தினும் ஓரளவு சிறிய இலக்கத்திலேயே பொருந்தும். ஆடும்போது அணியும் காலுறையுடனேயே அணிந்து, நாடாவை இறுக்கி, முழங்காலை மடித்து நின்று பார்த்தல் வேண்டும். அப்போது குதிகால் அசையாதிருக்க, விரல் நுனி முன்புறத்தை மெல்லத் தொட்டும் தொடாமலும் இருப்பின் அளவு சரியே.

அடுத்தது சில்லு. அதன் பக்கத்தில் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 76, 80 போன்றவை மில்லிமீற்றரில் விட்டத்தைக் குறிப்பன. சிறிய சில்லு விரைவில் வேகம் பிடிக்கும். பெரியது வேகத்தை நிலைநிறுத்தும். ஆதலால் முன்னிரண்டு சில்லுகளைச் சிறியனவாகவும் பின்னிரண்டைப் பெரியனவாகவும் அமைப்பதுமுண்டு. 'A' என்னும் எழுத்தோடு கூடிய எண் வன்மையைக் குறிப்பது. உள்ளரங்கின் வழுவழுப்பான தளத்திற்கு 74 முதல் 78 வரையான மென்சில்லு ஏற்றது; அது தரையைப் பற்றிக்கொள்ளும். சீமெந்து, தார்த் தரைகளில் அது விரைவில் தேயும். அங்கு 82க்கு மேற்பட்ட வன்சில்லு வேண்டும்.

சில்லொன்றுக்கு இரண்டாகச் சோடிக்குப் பதினாறு குண்டுப் போதிகைகள் உள. அவற்றிற் காணப்படும் 'ஏபெக்' எண் அளவுத் துல்லியத்தை மட்டுமே காட்டும். எண் பெரிதென்பதற்காக விலை மிகக் கொடுத்தல் வேண்டா. அப்பணத்தைப் பொருந்திய சப்பாத்திற்குச் செலவிடுதலே அறிவுடைமை.

இறுதியாக ஒன்று. உலாவுதற்குரிய சப்பாத்திற் காணப்படும் குதிகால் தடுப்பு, ஹொக்கிச் சப்பாத்தில் இராது. காலைக் குறுக்கே வைத்துத் திரும்புகையில் அது தடையாகும். ஆகவே ஒரு பாதத்தை மற்றதன் பின்னே குறுக்காக வைத்து இழுத்து நிற்கும் முறையை முதலிற் பயிலுதல் வேண்டும். தலைக்கவசமும் முழங்காற் காப்பும் அணிந்து, நிற்கக் கற்றபின் விரையக் கற்பவனே நல்ல ஆட்டக்காரனாவான்.