வேட்பை வெளியிடாத வேட்பாளர்



'வேட்பாளர்' என்னும் சொல்லைத் தேர்தல் காலத்தில் நாள்தோறும் கேட்கிறோம். அதன் முற்பகுதியாகிய 'வேட்பு' என்பதற்கு விருப்பம் என்று பொருள். இப்பதவியை விரும்புகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி முன்வருபவரே வேட்பாளர். முந்திய தலைமுறையினர் வழங்கிய 'அபேட்சகர்' என்னும் வடசொல்லுக்கும் பொருள் இதுவே. அப்படியிருக்க, விருப்பத்தைச் சொல்லாமலே ஒருவர் வேட்பாளராகிவிட முடியுமா? முடியும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்க நாட்டின் 1952-ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் சான்றாக நிற்கிறது.

அந்நாட்டில் பொதுத் தேர்தலுக்கு முன்னரே ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இதற்காக மாநிலங்களில் கட்சி வாக்காளர்களே வாக்களிப்பதை முதனிலைத் தேர்தல் என்பர். பின்னர்ப் பிரதிநிதிகள் மாநாட்டில் கூடி முடிவு செய்வர். இக்காலத்தில் முதனிலைத் தேர்தலிலேயே பெரும்பாலும் முடிவு தெரிந்துவிடுகிறது. 1952-இல் சில மாநிலங்களிலேயே அது நடந்தது; மாநாட்டுக்கே வலிமை மிகுதி.

குடியரசுக் கட்சி 1932 முதல் 1948 வரை நடந்த ஐந்து தேர்தல்களிலும் தோற்றிருந்தது. அரசாங்கத்தின் செலவும் அதிகாரமும் சுருங்க வேண்டும் என்று கருதிய பழமை பேணும் பிரிவினர், செனெட் உறுப்பினர் இராபர்ட் டாஃப்டைத் தங்கள் தலைவராகக் கொண்டிருந்தனர். அவர் முன்னாள் ஜனாதிபதி ஒருவரின் மைந்தர். மனத்தில் பட்டதை மறைக்கத் தெரியாதவர். தொழிற்சங்கங்களின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயரைத் தாங்கியது. வட அட்லாண்டிக் உடன்படிக்கையை 1949-இல் செனெட் சபையில் எதிர்த்து வாக்களித்த 13 பேரில் அவரும் ஒருவர். 1951 அக்டோபரில் தாம் போட்டியிடுவதாக அறிவித்தார். அவர் கொள்கையில் வாக்காளர் அறியாதது ஒன்றும் இல்லை. ஆனால், 'டாஃப்ட் வெல்லமாட்டார்' என்ற பேச்சு அவரை நிழல்போல் தொடர்ந்து வந்தது.

மற்றொருவர் தளபதி ஐசன்ஹோவர். 1944 ஜூன் 6-ஆம் நாள் நார்மண்டிக் கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை வகித்தவர். 1951-இல் வட அட்லாண்டிக் நாடுகளின் கூட்டுப்படைக்குத் தலைவராகப் பாரிஸ் அருகே இருந்தார். படைப்பணியில் இருப்பவர் கட்சி அரசியல் பேசலாகாது என்பது விதி. ஆகவே அவர் பேசவில்லை. அவர் எந்தக் கட்சியினர் என்பதுகூட நெடுநாள் வெளியாகவில்லை. 1948-இல் எதிர்க்கட்சியாகிய ஜனநாயகக் கட்சியின் தலைவர்கள் சிலரே அவரை அழைத்துப் பார்த்தனர், அவர் இணங்கவில்லை.

பழமை பேணும் வாக்காளரின் சங்கடம் இதுதான். டாஃப்ட் தம்மவர், ஆனால் வெல்வாரோ என்ற ஐயம். ஐசன்ஹோவர் வெல்வார், ஆனால் தம்மவரோ என்ற ஐயம். மாற்றுக் கட்சியார் தேடிச் சென்ற ஒருவரிடம் இருபதாண்டு காத்திருந்த கொள்கையை ஒப்படைப்பதா? வெல்லாத கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் நான்காண்டு காத்திருப்பதா? இரு பக்கத்திலும் இழப்பு இருந்தது.

பேசாதவரிடம் ஒரு கவர்ச்சி உண்டு. வகுப்புத் தலைவனைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கை தூக்கி முன்வருகிற மாணவனிடம் நூறு குறை காண்பதும், கடைசி வரிசையில் வாளாவிருப்பவனை எல்லாருமாகப் பிடித்துத் தள்ளுவதும் நான் பல முறை பார்த்த காட்சி. அவனிடம் அவரவர் விரும்பும் குணத்தை அவரவர் ஏற்றிவிடுவர். மறுப்பதற்கு அவன் வாய் திறந்தால்தானே!

எனினும், கூர்ந்து நோக்கியவர்களுக்குத் தடயங்கள் கிடைத்தன. கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவராக இருந்த நாட்களில், மத்திய அரசாங்கத்தின் அதிகாரம் பெருகுவதைப் பற்றி ஐசன்ஹோவர் எச்சரித்துப் பேசியிருந்தார். இது பழமை பேணுவோருக்கு உவப்பான செய்தி. ஆனால் அவரைத் தூக்கி நிறுத்த முனைந்தவர்கள் யார்? 1944-இலும் 1948-இலும் தோற்ற தாமஸ் டூயி, மாசசூசெட்ஸ் செனெட் உறுப்பினர் ஹென்றி காபட் லாட்ஜ் முதலியோர். இவர்கள் டாஃப்டின் கொள்கைக்கு மாறுபட்ட கிழக்கு மாநிலத்தார். ஒருவர் பேசாதபோது, அவரைச் சூழ நிற்பவரைப் பார்ப்பது நல்ல அளவுகோல் என்பது என் கருத்து. அந்த அளவுகோல் அன்று பொய்க்கவில்லை.

மக்கள் அறியாத ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1951-இன் தொடக்கத்தில் ஐசன்ஹோவரும் டாஃப்டும் வாஷிங்டனில் தனியே சந்தித்தனர். ஐரோப்பாவின் கூட்டுப் பாதுகாப்பை டாஃப்ட் ஆதரிப்பாரானால், தாம் அரசியலில் இறங்கப்போவதில்லை என்று அறிவித்துவிட ஐசன்ஹோவர் எண்ணியிருந்தார். அறிக்கையும் எழுதி ஆயத்தமாக இருந்தது. டாஃப்ட் உறுதி தரவில்லை. அவர் சென்றபின் ஐசன்ஹோவர் அக்காகிதத்தைக் கிழித்துவிட்டார். இதைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். கட்சி வாக்காளர் அன்று இதை அறிந்திருந்தால், இருவருக்கும் உள்ள வேற்றுமை எங்கே என்பது ஐயமறத் தெரிந்திருக்கும்.

1952 ஜனவரியில் லாட்ஜ், நியூ ஹாம்ப்ஷயர் மாநில முதனிலைத் தேர்தலில் ஐசன்ஹோவர் பெயரை நுழைத்தார். மறுநாள் பாரிஸிலிருந்து வந்த அறிக்கை, தாம் குடியரசுக் கட்சியினர் என்பதை ஒப்புக்கொண்டது. பதவியைத் தேடி வரமாட்டேன் என்றும் சொன்னது. பிப்ரவரியில் நியூயார்க்கில் நள்ளிரவில் ஆயிரக்கணக்கானோர் கூடி அவரை அழைத்தனர். விமானி ஜாக்குலின் காக்ரன் அக்கூட்டத்தின் திரைப்படத்தைப் பாரிஸுக்கு எடுத்துச் சென்று காட்டினார். மார்ச் 11-இல் நியூ ஹாம்ப்ஷயரில், ஊருக்கே வராத ஐசன்ஹோவர், ஊர் ஊராகச் சுற்றிய டாஃப்டை வென்றார். ஒரு வாரம் கழித்து மின்னசோட்டாவில், அச்சிட்ட வாக்குச் சீட்டில் இல்லாத அவர் பெயரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் தம் கையால் எழுதி வாக்களித்தனர்.

ஜூலையில் சிகாகோ மாநாட்டின் முதல் வாக்கெடுப்பில் ஐசன்ஹோவருக்கு 595, டாஃப்டுக்கு 500. வெற்றிக்கு வேண்டியது 604. மின்னசோட்டாப் பிரதிநிதிகள் வாக்கை மாற்றிக்கொள்ள, முடிவு தெரிந்தது. நவம்பரில் அவர் பெருவெற்றி பெற்றார்.

பழமை பேணியவர்களுக்குக் கிடைத்தது என்ன? கட்சி வென்றது. 1953 ஜூலையில் கொரியப் போர் ஓய்ந்தது. ஆனால் அவர்கள் கலைக்க விரும்பிய முதியோர் காப்புத் திட்டத்தை ஐசன்ஹோவர் கலைக்கவில்லை. 1954-இல் ஏறத்தாழ ஒரு கோடிப் பேரை அதில் புதிதாகச் சேர்த்தார். ஏமாற்றப்பட்டோம் என்று பலர் குமுறினர். 1952 செப்டம்பரில் டாஃப்டைச் சந்தித்து, செலவைச் சுருக்குவது பற்றி அவர் இசைவு தெரிவித்திருந்தமையால் இக்குமுறலில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் அவர்கள் பட்ட ஏமாற்றத்தில் பெரும்பகுதி, அவர் மௌனத்தின்மேல் அவர்களே எழுதிக்கொண்ட வாக்குறுதிகளால் வந்தது என்றே நான் நினைக்கிறேன். அக்குமுறல் வளர்ந்து 1964-இல் பாரி கோல்ட்வாட்டரை வேட்பாளராக்கியது. அவர் ஒளிக்காமல் பேசினார். ஆறு மாநிலங்களில் மட்டுமே வென்றார்.

இவ்வழக்கம் அத்தோடு நிற்கவில்லை. 1964-இல் அதே லாட்ஜ் சைகோனில் தூதராக இருக்க, நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர் அவர் பெயரைக் கையால் எழுதி வெற்றி தந்தனர். 2007-இல் முன்னாள் செனெட் உறுப்பினரும் நடிகருமான ஃபிரெட் தாம்சனுக்காகப் பழமை பேணுவோர் பல மாதம் காத்திருந்தனர். அவர் செப்டம்பர் 5-ஆம் நாள் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தம் விருப்பத்தைச் சொன்னார். 2008 ஜனவரி 22-இல் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.