உளுந்துக்கு மஞ்சள் நோய்: ஒரே பூட்டில் பல மரபணுக்கள்



போன மாதச் சுவர் இதழில் கண்மாய்ப் பறவைகள் பற்றிப் படித்தோம். இந்த மாதம் நான் எழுதப் போவது உளுந்தைப் பற்றி. "உளுந்தில் என்ன இருக்கு, இட்லிதானே?" என்று கேட்காதீர்கள். கடைசி வரை படியுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி தை மாதம் நெல் அறுத்த பிறகு, கண்மாய் ஈரத்தை நம்பி எங்க அய்யா உளுந்து போட்டார். அதை விற்றுத்தான் அம்மாவின் தோட்டை அடகிலிருந்து மீட்பதாக இருந்தது. ஒரு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் கொழுந்து இலையில் குட்டிக் குட்டியாக மஞ்சள் புள்ளி. பத்தே நாளில் இலை முழுக்க மஞ்சள். "இனி காய் பிடிக்காதுத்தா" என்று சொல்லிவிட்டு அய்யா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

வகுப்பில் அறிவியல் டீச்சரிடம், "செடிக்கு ஊசி போட்டுக் குணமாக்க முடியாதா டீச்சர்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம மதுரையிலேயே அப்படி ஒன்று செய்து பார்த்திருக்கிறார்கள்" என்றார். அந்தக் கதைதான் இது.

நோய் எப்படி வருகிறது?

இதன் பெயர் மஞ்சள் தேமல் நோய். காரணம் ஒரு வைரஸ். இதைச் செடிக்குச் செடி கொண்டுபோவது வெள்ளை ஈ. நோயுள்ள செடியில் சாறு உறிஞ்சிவிட்டு அடுத்த செடியில் உட்காரும்போது வைரஸை இறக்கிவிடும். இந்த வைரஸில் இரண்டு டி.என்.ஏ. வளையங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் சுமார் 2,700 எழுத்துகள். நம் உடம்பின் டி.என்.ஏ.வில் 300 கோடி எழுத்துகள்! இவ்வளவு சின்னது ஒரு வயலையே அழிக்கிறது.

மரபணுவை அடக்குவது என்றால் என்ன?

டி.என்.ஏ.வைச் சமையல் குறிப்பு நோட்டு என்று வைத்துக்கொள்வோம். செல் அதிலிருந்து ஒரு குறிப்பைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய்ப் புரதம் சமைக்கும். அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. அது பொதுவாக ஒற்றை இழை. செடிக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ. தென்பட்டால், "திருடன் வந்துட்டான்" என்று செல் உஷாராகிவிடும். டைசர் என்ற கத்திரிக்கோல் அதை 21 முதல் 24 எழுத்துள்ள துண்டுகளாக வெட்டும். அந்தத் துண்டோடு பொருந்துகிற சீட்டுகளைச் செல் தேடிப்பிடித்து அழிக்கும். சில சமயம் நோட்டுக்கே, அதாவது டி.என்.ஏ.வுக்கே, பூட்டுப் போட்டுவிடும்.

1998-இல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு சின்னப் புழுவில் இதைக் கண்டுபிடித்தார்கள். 2006-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒன்றை அடக்கினால் போதாதா?

போதாது. வைரஸும் லேசுப்பட்டதில்லை. செடியின் இந்தக் காவலையே முடக்குகிற புரதங்களை அது வைத்திருக்கிறது. ஒரு மரபணுவை மட்டும் அடைத்தால் மற்றவை வேலையைத் தொடரும். அதனால் பலவற்றை ஒரே நேரத்தில் அடைப்பது நல்லது. அதற்கு இரண்டு வழி. முதல் வழி, ஒவ்வொரு மரபணுவிலிருந்தும் ஒரு துண்டு எடுத்து, பூத்தொடுக்கிற மாதிரி ஒரே சரமாகக் கோர்ப்பது. இரண்டாவது வழியைத்தான் மதுரையில் செய்தார்கள்.

மதுரையில் நடந்தது

நம் கண்மாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மடையிலிருந்து இடப்பக்கம் ஒரு வாய்க்கால், வலப்பக்கம் ஒரு வாய்க்கால். ஒவ்வொரு வயலாக அடைத்துக்கொண்டிருப்பதைவிட மடையையே அடைத்தால்? வைரஸின் வளையத்திலும் அப்படி ஒரு மடை இருக்கிறது. அதற்குப் புரமோட்டர் என்று பெயர். அதன் ஒரு பக்கம் வைரஸ் பெருகுவதற்கான மரபணுக்கள். மறுபக்கம் அதன் மேலுறைப் புரதத்துக்கான மரபணு.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கே.வேலுத்தம்பி, பி.வி.சிவப்பிரசாத் ஆகியோர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விஞ்ஞானிகள் பூகின், ஹோன் ஆகியோருடன் சேர்ந்து, அந்த மடைப் பகுதியின் எழுத்துகளை ஒரு முறை நேராகவும் ஒரு முறை தலைகீழாகவும் எழுதி, நடுவில் ஓர் இடைவெளித் துண்டு வைத்தார்கள். இதிலிருந்து வரும் ஆர்.என்.ஏ. தானாகவே மடங்கி ஒட்டிக்கொண்டு இரட்டை இழை ஆகிவிடும். பார்க்க நம் கொண்டை ஊசி மாதிரியே இருக்கும்.

இந்தத் துண்டைச் செடிக்குள் கொண்டுபோக ஒரு டி.என்.ஏ. வண்டி வேண்டும். அதற்குப் பெயர் கடத்தி. (வெள்ளை ஈயும் கடத்திதான். அது நோயைக் கடத்துகிறது, இது மருந்தைக் கடத்துகிறது!) துண்டு வேலையைத் தொடங்கக் காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்த ஸ்விட்ச்சை வைத்தார்கள். பிறகு நுண்ணிய உலோகத் துகள்களில் அதைப் பூசி, நோய் வந்த உளுந்து நாற்றுகள்மேல் ஒரு கருவியால் வேகமாகச் செலுத்தினார்கள். நோய் பிடித்த செடிகள் தெளிந்தன. 2003-இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் இது வெளிவந்தது.

கடத்தியை வடிவமைக்கும்போது ஒரு கவனம் வேண்டும். நாம் எடுக்கும் துண்டு செடியின் சொந்த மரபணுவோடு பொருந்திவிடக் கூடாது. பொருந்தினால் களை என்று நினைத்துப் பயிரைப் பிடுங்கிய கதையாகிவிடும்.

"அந்த மருந்து எங்கே கிடைக்கும்?"

இதைச் சொன்னதும் அய்யா கேட்ட முதல் கேள்வி இதுதான். கடையில் கிடைக்காது என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. அது ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு நாற்றாகச் செய்தது. விதையிலேயே அந்தக் குணம் வரவேண்டும் என்றால் செடியின் மரபணுவிலேயே அதைச் சேர்க்க வேண்டும். சாப்பிடுவோருக்கும் மற்ற உயிர்களுக்கும் கெடுதல் இல்லை என்று சோதிக்க வேண்டும். அரசு அனுமதி வேண்டும். நம் நாட்டு விவசாயிகள் 2002 முதல் பயிரிடும் பி.டி. பருத்தியும் இப்படி அனுமதி வாங்கித்தான் வயலுக்கு வந்தது.

அதுவரை சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் ஆராய்ச்சி மையம் 2016-இல் தந்த வம்பன் 8 உளுந்து இந்த நோயைத் தாங்கும். அது மரபணு மாற்றம் இல்லை, ஒட்டுச் சேர்த்துத் தேர்ந்தெடுத்த ரகம். வரப்பு ஓரம் சோளம் விதைக்கலாம், மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கலாம். இந்தத் தடவை எங்க அய்யா வம்பன் 8 தான் போட்டிருக்கிறார்.

நண்பர்களே, உங்கள் வயலில் உளுந்து இருந்தால் பள்ளி விட்டுப் போகும்போது ஒரு நடை நடந்து பாருங்கள். முதல் மஞ்சள் செடியைப் பார்த்த அன்றைக்கே பிடுங்கிவிடச் சொல்லுங்கள். நாங்கள் பத்து நாள் தாமதித்துவிட்டோம்.

சிந்திக்க ஒரு கேள்வி: முண்டு மிளகாயில் வரும் இலைச்சுருட்டு வைரஸையும் வெள்ளை ஈதான் பரப்புகிறது. அதற்கு மடை எங்கே இருக்கும்? விடை தெரிந்தவர்கள் சீட்டில் எழுதிக் கேள்விப் பெட்டியில் போடுங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி