கம்ப்யூட்டருக்கு ஹார்டு டிஸ்க் வாங்கப் போகிறீர்களா?

"அண்ணி, ஒரு வாரமா சி.பி.யூ.வுக்குள்ளே 'டிக் டிக்'குன்னு ஏதோ சத்தம். இன்னிக்குக் காலையிலே ஆன் பண்ணினா வெறும் கறுப்புத் திரை. அதுக்கு மேலே ஒண்ணுமே வரலே."

என் நாத்தனார் போனில் இப்படிச் சொன்னபோது அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் கொடுத்துக் கொண்டிருந்தது. நானும் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. "ரிப்பேர்காரரைக் கூப்பிடு, புது டிஸ்க் போட்டுக் கொடுத்துடுவார்" என்றேன். அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. குழந்தை பிறந்த அன்றிலிருந்து ஒன்றரை வயது வரை எடுத்த போட்டோ, வீடியோ அத்தனையும் அந்த டிஸ்கில்தான் இருந்தன. போனில் இடம் இல்லையென்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்து விட்டாளாம்.

தகவல்களை மீட்டுக் கொடுக்கும் ஓர் இடத்துக்கு டிஸ்கைத் தூக்கிக் கொண்டு போனோம். அவர்கள் கேட்ட தொகை புதுக் கம்ப்யூட்டரின் விலையை விட அதிகம். அத்துடன், "கட்டாயம் கிடைக்கும்னு சொல்ல முடியாதுங்க" என்று ஒரு வார்த்தை வேறு. கடைசியில் அந்தப் படங்கள் எங்கிருந்து திரும்பின, தெரியுமா? பாட்டி, பெரியம்மா, சித்தி, அத்தை என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பிலிருந்து! வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் சுருங்கி, தெளிவும் குறைந்து விடுகிறது. இருந்தாலும் இல்லாததற்கு அது மேல் அல்லவா? ஆனால் குழந்தை முதன்முதலாகக் குப்புறக் கவிழ்ந்த வீடியோவை அவள் யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை. அது போனது போனதுதான்.

அதற்குப் பிறகு புது டிஸ்க் வாங்க அவளுடன் கடை கடையாக ஏறி இறங்கினேன். 'இதெல்லாம் ஆண்கள் சமாசாரம்' என்று இதுவரை ஒதுங்கியிருந்தவள் நான். மிக்ஸியும் கிரைண்டரும் வாங்கத் தெரிந்த நமக்கு இது ஒன்றும் பிரமாதமில்லை என்பதைக் கண்டு கொண்டேன்.

முதலில், அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஒன்றிரண்டு தட்டுகள். அவற்றின் மேல் மெல்லிய காந்தப் பூச்சு. தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றுகின்றன. புள்ளிக் கோலம் போடும் கை தரையைத் தொடாமல் மாவை மட்டும் விடுவதில்லையா, அது மாதிரி ஒரு சிறு முனை, சுற்றும் தட்டைத் தொடாமல், தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதந்தபடியே எழுதுகிறது, படிக்கிறது. தப்பித் தவறி முனை தட்டில் உரசினால் பூச்சு உரிந்து போகும். அந்த இடத்தில் எழுதியதும் அதோடு போகும். ஓடிக் கொண்டிருக்கும் சி.பி.யூ.வைக் காலால் இடிப்பது, இழுத்து நகர்த்திக் கூட்டுவது எல்லாம் ஏன் ஆகாது என்பது இப்போது புரிகிறதல்லவா?

1956-ல் ஐ.பி.எம். கம்பெனி செய்த முதல் டிஸ்கில் 2 அடி விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தனவாம். அத்தனை தட்டிலும் சேர்த்துக் கொள்ளும் எழுத்துகள் 50 லட்சம். இன்றைய செல்போன் போட்டோ ஒன்று எடுத்தால் அதற்கே சரியாய்ப் போய்விடும்!

கடையில் முதல் கேள்வியே, "எஸ்.எஸ்.டி. வேணுமா, ஹார்டு டிஸ்க் வேணுமா?" என்பதுதான். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டே கிடையாது. உள்ளே வெறும் சில்லுகள். சத்தமில்லை, வேகமும் அதிகம். ஆமை மாதிரி திறக்கும் பழைய கம்ப்யூட்டர்கூட எஸ்.எஸ்.டி. போட்டதும் சில விநாடிகளில் விழித்துக் கொள்கிறது. ஆனால் ஒரே கொள்ளளவுக்கு விலையைப் பார்த்தால் ஹார்டு டிஸ்க்தான் மலிவு. மேலும் எஸ்.எஸ்.டி. சில சமயம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே நாளில் நின்று விடும்; அதிலிருந்து படங்களை மீட்பதும் சிரமம். எனவே விண்டோஸும் மற்ற புரோகிராம்களும் இருக்க 250 அல்லது 500 ஜி.பி.யில் சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்று, போட்டோ, வீடியோ, பிள்ளைகளின் சர்டிபிகேட், மாமியாரின் ஸ்கேன் ரிப்போர்ட்டெல்லாம் வைக்க ஹார்டு டிஸ்க் ஒன்று. குடும்பத்துக்கு இந்த ஏற்பாடுதான் சிலாக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. மேஜைக் கம்ப்யூட்டருக்கு மூன்றரை அங்குல டிஸ்க், லேப்டாப்புக்கு இரண்டரை. இதை மட்டும் மாற்றிச் சொல்லி விடாதீர்கள்.

எவ்வளவு பெரிசு வாங்கலாம்? செல்போன் போட்டோ ஒன்று சுமார் 4 எம்.பி. என்று வைத்துக் கொண்டால், 1 டி.பி. டிஸ்கில் இரண்டரை லட்சம் போட்டோ கொள்ளும். இடத்தை விழுங்குவது வீடியோதான். உயர்ந்த தெளிவில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கே 300, 400 எம்.பி. ஆகி விடுகிறது. பிறந்த நாள், பள்ளி ஆண்டு விழா என்று நிறைய வீடியோ எடுக்கும் வீடானால் 2 டி.பி. வாங்குங்கள். மோட்டார், மேல்கூடு எல்லாம் எந்த டிஸ்குக்கும் வேண்டியிருப்பதால், கொள்ளளவு இரட்டிப்பானாலும் விலை இரட்டிப்பாவதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் 1 டி.பி. டிஸ்கை விண்டோஸ் 931 ஜி.பி. என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றி விட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான் சங்கதி.

"எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். இன்று உலகத்தில் ஹார்டு டிஸ்க் செய்கிற கம்பெனிகளே மூன்றுதான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. சாம்சங்கின் டிஸ்க் தொழிலை 2011-ல் சீகேட் வாங்கியது. ஹிட்டாச்சியினுடையதை 2012-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. பேக்பிளேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி லட்சக்கணக்கான டிஸ்குகளை வைத்து ஓட்டுகிறது. எந்த மாடல் எத்தனை பழுதானது என்று 2013 முதல் அட்டவணை போட்டு வெளியிட்டும் வருகிறது. அதைப் பார்த்தால், மொத்தத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை டிஸ்க் என்ற அளவில் பழுதாகிறது. ஒரே கம்பெனியில் நன்றாக உழைக்கும் மாடலும் உண்டு, காலை வாரும் மாடலும் உண்டு. அவர்களுடையது குளிர்ந்த அறையில் ஓடும் டிஸ்க். அடிக்கடி கரண்ட் போய் வரும் நம் வீட்டுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது.

ஆக, நூற்றில் ஒன்று நம் வீட்டில் இருக்காது என்பதற்கு யார் ஜவாப்தாரி? இதை யோசித்த பிறகுதான் நானும் நாத்தனாரும் ஒரு முடிவுக்கு வந்தோம். விலை உயர்ந்த டிஸ்க் ஒன்றாக வாங்குவதற்குப் பதில், அதே பணத்தில் சாதாரண டிஸ்க் இரண்டாக வாங்கி விடுவது. ஒன்று கம்ப்யூட்டருக்குள், மற்றொன்று வெளியிலிருந்து கேபிளில் செருகும் வகை. மலிவாகவும் வேண்டும், நம்பிக்கையாகவும் வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்து இது ஒன்றே வழி.

சாதாரணம் என்றால் எது? வெஸ்டர்ன் டிஜிட்டலில் 'புளூ', சீகேட்டில் 'பாரகூடா', தோஷிபாவில் 'பி 300' ஆகியவை வீட்டுக் கம்ப்யூட்டருக்கென்றே செய்தவை. 'பர்ப்பிள்', 'ஸ்கைஹாக்' எல்லாம் வாசலில் மாட்டும் கண்காணிப்புக் கேமராவுக்கானவை. நம் கம்ப்யூட்டரில் அவை ஓடாது என்றில்லை; ஆனால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க அவசியம் இல்லை.

இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. டிஸ்கில் எழுதும் விதம் இரண்டு. ஒன்று சி.எம்.ஆர்.; வரிகள் தனித் தனியாக இருக்கும். மற்றது எஸ்.எம்.ஆர்.; வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்தாற்போல் ஒரு வரியின் ஓரத்தின் மேல் அடுத்த வரி ஏறியிருக்கும். இதனால் இடம் மிச்சம், விலையும் குறைவு. ஆனால் நடுவில் ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் பக்கத்து வரிகளையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால், ஒரேயடியாக நிறைய எழுதும்போது மந்தமாகி விடும். சில மாடல்களில் இதைச் சொல்லாமலே விற்றார்கள் என்று 2020-ல் பெரிய கூச்சல் கிளம்பி, பிறகுதான் கம்பெனிகள் பட்டியல் வெளியிட்டன. படங்களைப் போட்டு வைத்து எடுத்துப் பார்க்க எஸ்.எம்.ஆர். தாராளமாகப் போதும். விண்டோஸே அதில்தான் இருக்கப் போகிறதென்றால் வேண்டாம்.

இனி கடைக்குப் போவோம். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருதான் இதற்குப் பேர் போனது. அங்கே ஒரு கடையில் மற்ற எல்லாரையும் விடக் குறைத்துச் சொன்னார்கள். "இது பாக்ஸ் இல்லாம வர்ற பீஸுக்கா. ஆறு மாசம் நம்ம கடை வாரன்ட்டி தர்றேன்." பார்க்கப் புதுசாகத்தான் இருந்தது. நாத்தனாருக்கு வாங்கி விடலாம் என்றே ஆசை. "பில்லிலே சீரியல் நம்பர் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குக்கா?" என்றார். வந்து விட்டோம்.

வேறெங்கோ இரவு பகலாக ஓடி ஓய்ந்த டிஸ்கைத் துடைத்து, புது லேபிள் ஒட்டி விற்பது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. ஓடிய மணிக்கணக்கையே அழித்துவிட்டு, பழைய டிஸ்குகளைப் புதிதென்று விற்றது 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் அம்பலமாயிற்று. எனவே லேபிளில் உள்ள சீரியல் நம்பரைக் கடையில் நின்றபடியே உங்கள் போனில், கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வாரன்ட்டி எதுவரை என்று வந்து விடும். சாதாரண வகைக்கு அநேகமாக 2 ஆண்டு இருக்கும். வாரன்ட்டியே இல்லையென்றோ, பாதி முடிந்து விட்டதென்றோ வந்தால் கீழே வைத்து விடுங்கள். தயாரித்த தேதியையும் பாருங்கள். வாரன்ட்டியில் மாற்றுத் டிஸ்க்தான் கிடைக்கும், அதில் இருந்த படங்கள் கிடைக்காது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் உடனே படங்களையெல்லாம் கொட்டி விடாதீர்கள். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்று இலவசமாகக் கிடைக்கும் புரோகிராம் இருக்கிறது. டிஸ்குக்கு அது டாக்டர் மாதிரி. எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். புது டிஸ்கில் அது பூஜ்யத்தையோ ஒன்றிரண்டையோ ஒட்டியே இருக்க வேண்டும். கெட்டுப் போய் மாற்றப்பட்ட இடங்கள், கெட்டுப் போகும் சந்தேகத்தில் நிற்கும் இடங்கள் என்று இரண்டு கணக்குகளும் உண்டு. இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பிற்பாடு என்றைக்காவது அந்த எண்கள் ஏறத் தொடங்கினால், காய்ச்சலில் தெர்மாமீட்டர் ஏறுவது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். அன்றே பிரதி எடுத்துவிட்டு வேறு டிஸ்க் பார்க்க வேண்டியதுதான். முதல் இரண்டு வாரம் போனில் உள்ளதை அழிக்காமல் புது டிஸ்கில் போட்டுப் பார்த்துப் பழகுங்கள்.

கரண்ட் திடீரென்று போவது டிஸ்குக்கு ஆகாது. சின்னதாக ஒரு யு.பி.எஸ். இருப்பது நல்லது. சமையலறைக்குப் பக்கத்தில் சி.பி.யூ.வை வைத்தால் எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து விசிறியை அடைத்து விடும், உள்ளே சூடு ஏறும். 'டிக் டிக்' சத்தம் கேட்டால் மட்டும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். உடனே நிறுத்துங்கள். நாத்தனார் ஒரு வாரம் ஓட்டியதில்தான் கொஞ்ச நஞ்சம் இருந்ததும் போயிருக்க வேண்டும். செத்த டிஸ்கை ஃப்ரீஸரில் வைத்தால் உயிர் வரும் என்று எதிர் வீட்டுப் பையன் சொன்னான். அந்த வேலையே வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்து, மீட்கக் கூடியதையும் கெடுத்து விடும். ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்து பார்ப்பதும் அப்படித்தான்.

இப்போது அவள் வீட்டு வெளி டிஸ்க் எங்கள் பீரோவில் இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பிரதியும் இருந்தால் திருட்டோ, மழை வெள்ளமோ வந்தால் இரண்டும் சேர்ந்து போகும் என்பதால் இந்த ஏற்பாடு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போவாள். அந்த மாதப் படங்களை ஏற்றி, மறுநாள் திருப்பித் தந்து விடுவாள். வரும்போது குழந்தையும் வருவதில் எனக்கும் சந்தோஷம்.

ஒன்று சொல்ல மறந்தேனே! கழற்றிய பழைய டிஸ்கைப் பழைய சாமான்காரரிடம் போட்டு விடாதீர்கள். உங்களுக்குத்தான் அது திறக்கவில்லை. விவரம் தெரிந்தவர் கையில் அகப்பட்டால் ஆதார் நகல், பாஸ்புக் நகல், குழந்தையின் படம் எல்லாம் வெளியே வந்து விடலாம். ஓடுகிற டிஸ்கானால் முழுவதுமாக அழித்துவிட்டுக் கொடுங்கள். ஓடாததானால் வீட்டிலேயே ஓர் ஓரமாகக் கிடக்கட்டும்.