உப்புக்காற்றா, உப்புத் தண்ணீரா? தூத்துக்குடியில் விரிசல் விட்ட வீட்டுக்கு யார் பொறுப்பு?

பால்கனியின் அடிப்பக்கத்தில் நூல் போல ஒரு விரிசல். அதன் ஓரமாகச் செம்பழுப்பில் ஒரு கறை. இரண்டு மழைக்காலம் போனால் காங்கிரீட் பெயர்ந்து விழுகிறது, உள்ளே துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்க்கிறது. பில்டருக்கு போன் போட்டால் பதில் தயாராக இருக்கும்: "கடற்கரை ஊருல்லா அண்ணே, உப்புக்காத்து. அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?"

தூத்துக்குடிக்காரர்கள் இதை எதிர்த்துப் பேசத் தயங்குவார்கள். உப்பளமும் துறைமுகமும் உள்ள ஊரில் ஜன்னல் கிரில்லும் பைக் சைலன்சரும் என்ன பாடுபடுகின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் சட்டத்தின் முன்னாலும் சரி, கட்டுமான விதிகளின் முன்னாலும் சரி, அந்தப் பதில் நிற்காது. வெளிமாவட்டங்களிலிருந்து வேலைக்கு வருபவர்கள் கூடி, வங்கிக் கடனில் அபார்ட்மென்ட் வாங்குவதும் சகஜமாகிவிட்ட இந்த ஊரில், இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

கொச்சியில் நடந்தது

கொச்சி வைற்றிலாவில் சில்வர்சாண்ட் தீவு என்ற இடத்தில், ராணுவ நல வீட்டுவசதி அமைப்பு 'சந்தர் குஞ்ச்' என்ற குடியிருப்பைக் கட்டியது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் பணியில் இருக்கும், ஓய்வு பெற்ற ராணுவத்தினர். 2018-ல் வீடுகள் ஒப்படைக்கப்பட்டன. சில ஆண்டுகளிலேயே 29 மாடி கொண்ட பி, சி ஆகிய இரண்டு டவர்களில் காங்கிரீட் பெயரத் தொடங்கியது.

குடியிருப்பவர்கள் சும்மா புகார் கொடுத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. நிபுணர்களின் ஆய்வறிக்கைகள் வந்தன. காங்கிரீட்டில் குளோரைடு, அதாவது உப்பின் அளவு, அனுமதிக்கப்பட்டதைவிட அதிகம் என்று அவை சொல்லின. 2025 பிப்ரவரி 3 அன்று கேரள உயர் நீதிமன்றம், இரண்டு டவர்களையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. கட்டி முடியும்வரை மாத வாடகையாக பி டவர்வாசிகளுக்கு 21,000 ரூபாய், சி டவர்வாசிகளுக்கு 23,000 ரூபாய் தர வேண்டும் என்றும் சொன்னது.

'கொச்சியும் கடற்கரைதானே, காற்றில் வந்த உப்பாக இருக்கலாமே' என்று கேட்கலாம். அதற்கு குருகிராம் பதில் சொல்கிறது. அங்கே செக்டார் 109-ல் 'சின்டெல்ஸ் பாரடிசோ' குடியிருப்பின் டி டவரில், 2022 பிப்ரவரி 10 அன்று ஆறாவது மாடியின் தளம் இடிந்து கீழ்த்தளங்கள்மேல் விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஆய்வு செய்த ஐ.ஐ.டி. டெல்லி, கம்பிகள் வேகமாகத் துருப்பிடித்ததற்குக் காரணம் காங்கிரீட்டில் இருந்த குளோரைடு என்றும், பழுதுபார்த்துச் சரிசெய்ய வழியில்லை என்றும் அறிக்கை தந்தது. குருகிராமிலிருந்து கடல் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே உப்புக்காற்று ஏது?

உப்பு எப்படி வேலை செய்கிறது?

நல்ல காங்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் உருவாகும். அது இருக்கும்வரை துரு வராது. குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கம்பி உள்ளே 'வீங்க', காங்கிரீட் வெளியே வெடிக்கிறது.

இதில் கம்பிதான் பலியாடு. முத்துக்குளித்துறையின் பழைய வீடுகள் பவளக்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டப்பட்டவை. கடலிலிருந்தே எடுத்த கல். ஆனால் உள்ளே கம்பி கிடையாது, துருப்பிடிக்க எதுவும் இல்லை. (அந்தக் கல்லை வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவில் தீவுகள் கரைந்தது தனிக்கதை. இன்று பவளப்பாறையைத் தொடுவதே குற்றம்.)

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 456:2000 என்ற விதி, கம்பி போட்ட காங்கிரீட்டில் ஒரு கனமீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது. கலவைத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் வரம்பு. கடல்நீரில் சுமார் 19,000 மில்லிகிராம் இருக்கும். கடல்நீரை யாரும் ஊற்றப்போவதில்லை, சரி. சைட்டிலேயே போட்ட போர் தண்ணீர்? ஒரு கனமீட்டர் காங்கிரீட்டுக்குச் சுமார் 170 லிட்டர் தண்ணீர் போகும். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 3.5 கிராம் குளோரைடு இருந்தால், 595 கிராம் உள்ளே போய்விடும். மணலையும் ஜல்லியையும் எண்ணாமலே வரம்பைத் தொட்டாயிற்று. கடற்கரையோரத்தில் வாயில் வைத்தால் கரிக்கும் போர் தண்ணீர் ஒன்றும் அபூர்வமில்லையே.

'காற்றுதான் காரணம்' என்றாலும் தப்ப முடியாது

சரி, உப்பு காற்றிலிருந்துதான் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதையும் ஐ.எஸ். 456 எதிர்பார்த்திருக்கிறது. கட்டடம் இருக்கும் சூழலை அது ஐந்து வகையாகப் பிரிக்கிறது. கடலோரச் சூழலில் வெளிப்படும் காங்கிரீட், 'கடுமையான' என்ற மூன்றாவது வகை. அதற்குக் குறைந்தபட்சம் எம்30 தரம் வேண்டும், தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது, கம்பிக்கு மேல் 45 மி.மீ காங்கிரீட் மூடியிருக்க வேண்டும். அலைத்திவலை நேரடியாகப் படும் இடத்தில் எம்35 தரம், 50 மி.மீ மூடல்.

இந்த மூடலைத்தான் சைட்டில் 'கவர்' என்கிறார்கள். கம்பிக்கு அடியில் வைக்கும் சின்ன சிமென்ட் கட்டி 'கவர் பிளாக்'. 20 மி.மீ கவர் என்பது காற்றில் உப்பில்லாத, வறண்ட ஊருக்கான அளவு. அதைக் கடலோரத்தில் வெயில், மழை படும் பால்கனிக்குப் போட்டிருந்தால், குற்றவாளி காற்று அல்ல. கடற்கரை ஊர் என்பது பில்டருக்குச் சாக்கு அல்ல, கூடுதல் பொறுப்பு.

ஆக, இரண்டு கேள்விகள். உப்பு கலவையோடே வந்ததா? அல்லது கவர் போதாமல் வெளியிலிருந்து புகுந்ததா? இரண்டுக்குமே சோதனை உண்டு. காங்கிரீட்டில் சிறு துளையிட்டு, ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆழத்திலும் தூளைத் தனித்தனியாக எடுத்து குளோரைடு அளப்பார்கள். மேற்பரப்பில் அதிகமாக இருந்து உள்ளே போகப் போகக் குறைந்தால், வெளியிலிருந்து வந்தது. எல்லா ஆழத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றால், கலவையிலேயே இருந்தது. கவர் மீட்டர் வைத்தால் உடைக்காமலே கம்பியின் ஆழம் தெரியும். 'ஹாஃப் செல்' சோதனை எங்கெங்கே துரு நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டும். காங்கிரீட்டின் தரத்தில் சந்தேகம் என்றால், குறைந்தது மூன்று 'கோர்' எடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். சராசரி வலிமை, குறிப்பிட்ட தரத்தில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

ஐந்து வருடக் கடிகாரம்

ரியல் எஸ்டேட் சட்டத்தின் (ரெரா, 2016) 14(3) பிரிவுதான் வீடு வாங்கியவரின் முக்கிய ஆயுதம். கட்டமைப்புக் குறைபாடு மட்டுமல்ல. வேலைத்திறன், தரம், சேவை வசதிகளில் உள்ள குறையும் இதில் வரும். சாவி ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் தெரிவித்தால், பில்டர் 30 நாளில், காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். 'கட்டுமான ஒப்பந்தத்தில் ஒரு வருஷ வாரன்டின்னுதானே போட்டிருக்கு' என்பார்கள். மற்ற சட்டங்களோடு முரண்பட்டால் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று அதன் 89-வது பிரிவே சொல்கிறது. அப்படியிருக்க, ஒப்பந்தத்து ஒற்றை வரி எம்மாத்திரம்?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. துரு மெதுவாகத்தான் வெளியே தெரியும். நான்காம் வருடம் மயிரிழை விரிசல், ஏழாம் வருடம் காங்கிரீட் சரிவு என்றால், கடிகாரம் நடுவிலேயே ஓடி முடிந்துவிடும். அதனால் விரிசலுக்கு ஆளை வைத்துப் பூசி, பெயின்ட் அடித்து மறைப்பதுதான் மிகப் பெரிய தவறு. 2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ கொட்டியபோது, மாவட்டத்தில் நனையாத சுவர் குறைவு. 'அந்த மழையால வந்த ஒழுக்கு' என்று விட்டுவிட்டவர்கள், ஒப்படைப்புத் தேதியை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. ஐந்தாம் ஆண்டு முடியும் முன் சங்கமாகச் சேர்ந்து ஒரு சோதனை, பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், மின்னஞ்சலில் ஒரு நகல். இவை போதும் கடிகாரத்துக்குள் நுழைய.

பழுதைச் சரிசெய்ய உத்தரவு வேண்டுமானால் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் 'எம்' படிவம். இழப்பீடு வேண்டுமானால் அதன் தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் 'என்' படிவம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ரெரா இருப்பதால் அந்தக் கதவு மூடப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கு மதுரையில் அமர்வு உண்டு. கால வரம்பு பொதுவாக இரண்டு வருடம்.

எல்லாரும் ரெராவுக்குள் வர மாட்டார்கள். நிலம் 500 சதுர மீட்டருக்குள் அல்லது வீடுகள் எட்டுக்குள் என்றால் அந்தத் திட்டத்துக்குப் பதிவே தேவையில்லை. சொந்த மனையில் காண்ட்ராக்டரிடம் சதுரஅடிக் கணக்கில் பேசிக் கட்டுபவர்களுக்கும் நுகர்வோர் சட்டம்தான் வழி. தூத்துக்குடி மாதிரி ஊர்களில் இப்படிக் கட்டும் வீடுகளே ஏராளம் என்பதால், அவர்கள் காங்கிரீட் போடும் முன்பே தண்ணீரை லேபில் கொடுத்துப் பார்ப்பதும், கவர் பிளாக் பக்கத்தில் டேப்பை வைத்து போனில் படம் எடுப்பதும், ரெடிமிக்ஸ் சலானைப் பத்திரப்படுத்துவதும் பின்னால் கைகொடுக்கும்.

நிபுணர் சொன்னால் போதுமா?

வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். விரிசலின் 40 போட்டோ, வாட்ஸ்அப் சண்டை, பெயின்டரின் எஸ்டிமேட் எல்லாம் ஃபைலில் இருக்கும். 'ஏன்' என்று சொல்லும் ஒரு தாள் இருக்காது. குறை இருக்கிறது என்பதைக் காட்டுவது ஒன்று, அது கட்டியவரின் தவறால் வந்தது என்று நிரூபிப்பது வேறொன்று. நிரூபிக்க வேண்டியவர் புகார்தாரர்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 39-வது பிரிவு நிபுணர் கருத்தை ஏற்கிறது. ஆனால் கருத்து மட்டும் பத்தாது. எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்ற தரவும் காரணமும் இருந்தால்தான் மதிப்பு. தெரிந்த இன்ஜினியர் லெட்டர்பேடில் 'தரமற்ற கட்டுமானம்' என்று எழுதிக் கொடுப்பது குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம் தாங்காது. மாதிரியை எந்த இடத்தில், எந்தத் தேதியில், யார் எடுத்தார்? சீல் வைத்தார்களா? பில்டருக்கு முன்கூட்டியே தெரிவித்து, வந்து பார்க்கச் சொன்னீர்களா? ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா? எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது இவற்றைத்தான்.

நீங்கள் பணம் கொடுத்து அழைத்த நிபுணர் 'உங்கள் ஆள்' என்ற குற்றச்சாட்டு எப்படியும் வரும். அதை உடைக்க, ஆணையத்திடமே மனு போட்டு, பொறியாளர் துணையோடு ஒரு கமிஷனரை நியமிக்கக் கேட்கலாம். இரு தரப்பும் பார்க்க மாதிரி எடுத்தால், அந்த அறிக்கையை ஒதுக்குவது கடினம். முதலில் சொந்தச் செலவில் ஒரு சோதனை செய்து பிரச்சினை உண்டு என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு கமிஷனர் கேட்பதுதான் புத்திசாலித்தனமான வரிசை.

ஆள் தேடிச் சென்னைக்குத்தான் ஓட வேண்டும் என்பதில்லை. இரும்பு அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் 1953 முதல் இயங்குகிறது. மண்டபத்திலும் தூத்துக்குடி துறைமுகப் பகுதியிலும் அதற்கு மையங்கள் உண்டு. சிவில் துறை உள்ள பொறியியல் கல்லூரிகள் பலவும் கட்டணம் வாங்கிக்கொண்டு கட்டடச் சோதனை செய்கின்றன. செலவை 30 வீடுகள் பகிர்ந்தால் தலைக்கு அதிகம் வராது. அந்தச் செலவையும் புகாரில் சேர்த்துக் கேட்கலாம்.

ஜெயித்த பிறகும் பில்டர் பணம் கட்டாமல் இழுத்தால்? ரெரா சட்டத்தின் 40-வது பிரிவுப்படி இழப்பீட்டையும் வட்டியையும் நில வருவாய் பாக்கி போலவே வசூலிக்கலாம். ஆணையம் வசூல் சான்றிதழ் அனுப்பியதும், பில்டரின் சொத்து எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த ஆட்சியர் அலுவலகத்தில் கோப்பு நகர வேண்டும். அது தானாக நகராது. சங்கத்தில் யாராவது ஒருவர் கோப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பின்தொடர வேண்டியிருக்கும்.