லினக்ஸ் கணினிக்கு யார் காவல்?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியபோது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் மாணவர் வீடுகளுக்குள் வந்தது. நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் அப்படியொரு கணினி வைத்திருப்பவரும் 'லினக்ஸுக்கு வைரஸ் வராது' என்று கேள்விப்பட்டிருப்பார். பாதி உண்மை. கடவுச்சொல் தராமல் சாதாரணப் பயனரால் அடிப்படைக் கோப்புகளை மாற்ற முடியாது. லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து வரும் மென்பொருளின் மின்கையொப்பமும் சரிபார்க்கப்படுகிறது.

ஆனால் 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச்சுருக்க மென்பொருளுக்குள்ளேயே ஒருவர் கள்ளக்கதவு வைத்துவிட்டார்! கணினியில் உள்நுழைய அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், துருவித் துருவிப் பார்த்து மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். நிரல் திறந்திருந்ததால்தான் அது முடிந்தது. திருத்தமும் உடனே வந்தது. ஆனால் புதுப்பிக்காத கணினிக்கு எந்தத் திருத்தமும் வந்து சேராது.

வாரம் ஒருமுறை டெர்மினலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்', அடுத்து 'சூடோ ஆப்ட் அப்கிரேட்' கொடுங்கள். ஆதரவு முடிந்த பழைய பதிப்பென்றால், இன்றே புதியதற்கு மாறிவிடுங்கள்.